இரண்டாம் மணியும் அக்காவின் செய்தியும்

அக்காவின் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே! கடந்த ஆண்டு எங்கள் பல்கலைக்கழக முன்னாள் மாணவர் சந்திப்பில் இருந்தவர்கள் உங்களுள் பலர். நீங்களே சாட்சி. கடைசி வரிசையில், மாம்பழ நிறப் பட்டுப் புடவையில் ஒருவர் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தாரே, பார்த்தீர்கள் அல்லவா? அவர்தான் என் அக்கா. அவரை அப்படி உட்கார வைத்தவன் நான்.

அக்கா பிறந்தது காத்திவாக்கத்தில். அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போனவர். அம்மா திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்றவர். எங்கள் குப்பத்திலிருந்து அந்தச் சின்னப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போன முதல் பெண் அக்கா. இறுதியாண்டில் படகின் கயிற்றில் சிக்கி அப்பாவின் வலது கை செயலிழந்தது. ஒரே ஒரு தாள் அரியராக நிற்க, அக்கா எண்ணூரில் கன்டெய்னர் யார்டு ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் உழைப்பில்தான் நான் அதே பல்கலைக்கழகத்தில் படித்தேன், மேடைகளில் பேசினேன், கோப்பைகளை வாங்கி வந்து அடுக்கினேன். அவற்றைத் துடைத்து வைத்தவரும் அக்காதான்.

பட்டம் வாங்காதவர் எப்படி முன்னாள் மாணவர் ஆவார் என்று சிலர் கேட்டதுண்டு. ஆனால் முன்னாள் மாணவர் சங்கத்தைக் கலையாமல் கட்டி வைத்தது அவருடைய குரல். வேலை முடிந்து மின்சார ரயிலில் ஏறியதும் யாராவது ஒருவருக்குப் போன் போடுவார். "இன்னாமே, எப்டி கீற? வூட்ல அல்லாரும் சொகமா? சேதி எதுனா கீதா?" கல்யாணம், குழந்தை, புது வேலை, இழவு என்று சேர்ந்த செய்திகளை என்னிடம் ஒப்படைப்பார். ஆண்டுச் சந்திப்பில் நான் அவற்றை மேடையில் சொல்வேன். பெயர் சொல்லப்பட்டவர் எழுந்து நிற்க, அரங்கம் கைதட்டும். அது எங்கள் வழக்கம்.

நான் வீட்டில் ஒத்திகை பார்க்கும்போது அக்கா விடமாட்டார். "இல்லறச் சோலையில் இன்னுமொரு மலர்" என்று ஒரு முறை தொடங்கினேன்.

"டேய், கொழந்த பொறந்துச்சுன்னு சொல்லேன்டா. அதுக்கு இன்னாத்துக்கு இம்மாம் பெரிய பந்தல்?"

"சரிக்கா. ஆனா ஒர்த்தரு கடைக்கு ஷட்டர் மாத்துனாருன்னு கீதே, இதெல்லாம் ஒரு சேதியா?"

"அது மூடிக் கெடந்த கடைடா. அவன் வுயுந்து எய்ந்து தொறந்துகிறான். நீ சொல்லு. அவன் எய்ந்து நிக்கட்டும்."

கடந்த ஆண்டு, பல்கலைக்கழகம் பழைய மாணவர்களுக்குத் தந்த சிறப்பு வாய்ப்பில் அக்கா அந்த ஒரு தாளை எழுதித் தேறினார். பட்டம் கைக்கு வந்தது. ஊரார் செய்தியையெல்லாம் தந்தவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "என் பேரையும் சொல்லுவியாடா?"

அவர் என்னிடம் தமக்காகக் கேட்டது அது ஒன்றுதான்.

"கடைசில சொல்றேன்க்கா. அதான் உச்சம். அரங்கமே அதிரும் பாரு."

சிறந்ததை இறுதியில் வை என்பது மேடைப் பயிற்சி. முதல் மணி எச்சரிக்கை, நேரம் முடிந்ததைச் சொல்லும் இரண்டாம் மணி அடித்தபின் ஒரு சொல்லும் பேசாதே என்பதும் அதே பயிற்சி. அன்று என் முன்னுரைக்குக் கைதட்டல் விழுந்தது. நான் முன்னுரையை நீட்டினேன். முதல் மணி அடித்தது. செய்திகளை விரைந்து சொன்னேன். அக்காவின் முறை வந்துவிட்டதென்று அவருக்குத் தெரியும். பக்கத்திலிருந்த தம் கணவரின், அதாவது என் மாமாவின், தோளைப் பற்றிக்கொண்டு எழத் தொடங்கினார். அப்போது இரண்டாம் மணி அடித்தது. ஒரே வாக்கியம் போதும். ஆயினும், மணியை மதிக்கும் பேச்சாளன் என்று பெயரெடுத்தவன் நான். கைகூப்பி இறங்கினேன். அதற்கும் கைதட்டினார்கள்.

திரும்பும் வழியில் அக்கா சிரித்தார். "இன்னாடா, உச்சம் ஊத்திக்கிச்சா?"

"அடுத்த வருசம் மொதல்ல சொல்றேன்க்கா."

"சரி வுடு. பொடவைய மடிச்சி வெக்கிறேன்."

அடுத்த சந்திப்பு வருமுன்னே ஈரலில் நோய் வந்தது. மருத்துவமனைக் கட்டிலிலும் அக்கா போனும் கையுமாகத்தான் இருந்தார். பிறர் செய்தியைக் கேட்டார், தம் செய்தியைச் சொல்லவில்லை. அந்தப் புடவையை அவருக்கு உடுத்தித்தான் வழியனுப்பினோம்.

இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், இரத்தம் கொடுத்த யார்டு தோழர்களுக்கும், கஞ்சி காய்ச்சி வந்த குப்பத்துப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. நான் செய்தியல்ல என்று ஒதுக்கப் பார்த்த அந்தக் கடைக்காரர், பிற்பகல்களில் கடையின் ஷட்டரை இறக்கிவிட்டு வந்து அக்காவின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். அவருக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இங்கே எழுதுகிறேன்.

காரியத்தன்று பந்தலில் பேச எழுந்தேன். மாமா கையைப் பிடித்தார்.

"மச்சான், ஒனக்குப் பேசவா தெர்யாது? இன்னிக்கி அதெல்லாம் வோணாம். அன்னிக்கி சொல்லாம வுட்டத மட்டும் சொல்லு."

சொன்னேன். "என் அக்கா, விட்டுப்போன தாளை எழுதித் தேறிப் பட்டம் பெற்றார்."

எழுந்து நிற்க வேண்டியவர் இல்லை. மாமா எழுந்து நின்றார். சாவு வீட்டில் கைதட்டலாமா என்று எவருக்கும் தெரியவில்லை. அம்மாதான் முதலில் தட்டினார். பிறகு பந்தலே தட்டியது. அந்த ஓசை அடங்கியதும், படத்தைப் பார்த்து நான் உரக்கச் சொன்னேன். மேடைத் தமிழ் வரவில்லை. வீட்டுப் பேச்சுதான் வந்தது:

"அக்கா, வர்ற கூட்டத்துல மொதல்ல உன் சேதி. அப்பால அல்லார் சேதியும். என் பேச்சு அல்லாத்துக்கும் கடைசி. ரெண்டாவது மணி அடிச்சா, நின்னுபோறது என் பேச்சா இருக்கட்டும்."