பக்கத்து நாற்காலியின் எட்டு பார்

கிள்ளானில் ஒரு பள்ளி மண்டபத்தில் கச்சேரி. நடுவில் எனக்கென்று எழுதியிருந்த பார்ட்டை விட்டுவிட்டு, பக்கத்து நாற்காலிக்காரரின் பார்ட்டை வாசித்துவிட்டேன். இருபது வருடம் செல்லோ பிடித்தவள் செய்யக்கூடிய தவறா அது?

எங்கள் குழுவில் ஐந்து பேர். இரண்டு வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய வியோலா ஒன்று, கால்களுக்கிடையில் நிறுத்தி வாசிக்கும் செல்லோ இரண்டு. முதல் செல்லோ டேவிட் அண்ணே, இரண்டாவது நான். மெதுவாகப் போகும் பகுதியில் மெட்டு அவருக்கு. அடியில் விரலால் கம்பியைச் சுண்டிச் சுண்டி அந்த மெட்டைத் தாங்குவது எனக்கு. யாராவது செய்தாக வேண்டிய வேலைதான். ஆனால் ஆசை யாரை விட்டது? பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டில் டியூஷன் பிள்ளைகள் போனதும், கதவைச் சாத்திவிட்டு வருடக்கணக்கில் அவருடைய பார்ட்டைத்தான் வாசித்து வந்தேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். அவராகவே கூப்பிடட்டும் என்று எனக்கு ஒரு வீம்பு.

அன்று சுண்ட வேண்டிய இடத்தில் கை வில்லை எடுத்துவிட்டது. இரண்டு செல்லோவும் ஒரே மெட்டை வாசிக்க, அடியில் ஒன்றுமே இல்லை. வியோலா வாசித்த அஸ்மான் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். என்னால் நிறுத்தவும் முடியவில்லை. அதற்குள் டேவிட் அண்ணே வில்லைத் தாழ்த்திவிட்டு, தாளைக்கூடப் பார்க்காமல் என் பார்ட்டைச் சுண்ட ஆரம்பித்திருந்தார். எட்டு பார், அதாவது எட்டு தாளக்கட்டு, அப்படியே போனது. பிறகு அவர் தலையை அசைக்க, அவரவர் இடத்துக்குத் திரும்பினோம். கேட்டவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

வேனில் நானும் அவரும் திரும்பும்போது ஃபெடரல் ஹைவேயில் நல்ல ஜேம், வண்டிகள் நகரவில்லை. பின்னால் இரண்டு செல்லோவும் படுத்திருந்தன.

"அண்ணே, சாரி. கை தானா போயிடுச்சு."

"தானா போச்சா? ஒரு நோட்டுகூட பிசகலியே. எத்தனை வருஷமா வீட்டுல திருட்டுத்தனமா வாசிக்கிற?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

"ஏன், உன் பார்ட் மட்டும் எனக்கு எப்படி மனப்பாடம்னு நெனைக்கிற? வீட்டுல அதை வாயால பாடிக்கிட்டுத்தான் என் மெட்டை பிராக்டிஸ் பண்ணுவேன். அடுத்த ஷோவுல மாத்தி உக்காரலாம் லா."

"சும்மா இருங்கண்ணே" என்றேன். சரி என்று சொல்லியிருக்கலாம்.

அடுத்த கச்சேரிக்கு முன்பே அவரும் அண்ணியும் ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரில் இருக்கும் மகளோடு போய்த் தங்கிவிட்டார்கள். முதல் செல்லோ எனக்கு வந்தது. இரண்டாவதற்கு ஷா ஆலமிலிருந்து மெய் லிங் வருகிறாள். தாளம் தப்பாது, சுருதி விலகாது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த மெதுவான பகுதி வரும்போதெல்லாம் என் காது டேவிட் அண்ணேயைத் தேடுகிறது. இத்தனை வருடம் ஆசைப்பட்ட மெட்டு கையில் இருக்கும்போது மனம் கிடந்து ஏங்குகிறது.

போன மாதம் அவர் போன் செய்தார்.

"இப்ப ஃபர்ஸ்ட் செல்லோ முழுசா நீதானே? எப்படி இருக்கு?"

"நல்லாவே இல்லண்ணே. நீங்க சுண்டாம எனக்கு எதுக்கு அந்த மெட்டு?"

"போனை ஸ்டாண்டுல வை. என் செல்லோ இங்கதான் இருக்கு. ஆரம்பி" என்றார்.

ஆரம்பித்தேன். அவர் சுண்டுவது எனக்குச் சற்றுத் தாமதமாக வந்தது. நான் வாசிப்பதும் அவருக்கு அப்படித்தான் போயிருக்கும். அவர் வரட்டும் என்று நான் நிதானித்தேன், நான் வரட்டும் என்று அவர் நிதானித்தார். ஒருவருக்காக ஒருவர் காத்துக் காத்து, மூன்றாவது வரியிலேயே மெட்டு தேய்ந்து நின்றுவிட்டது. போனை மட்டும் இருவரும் வைக்கவில்லை.

குழுவில் வாசிக்க வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பக்கத்து நாற்காலியில் இருப்பவரோடு இடம் மாற்றி வாசிக்க ஆசை இருந்தால், அவர் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.