பிரெஷர் ஏறியதற்குச் சிரித்த தாய்

“தாதியாப் போறியா? எல்லாம் சிங்களம் பேசுற எடத்துல போயி நீ யாருகிட்ட என்னத்தப் பேசப்போற?” தாதியர் பயிற்சிக்கு நான் தேர்வானபோது மாமா இப்படித்தான் கேட்டார். தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில், எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான்.

போன வருடம் பதுளையில், பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பயிற்சியில் இருந்தேன். நமுனுகுலத் தோட்டத்து அக்கா ஒருவரின் மகள், பிறந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. இரத்த அழுத்தம் விழுந்துகொண்டே போனது. சேலைன் ஏற்றியும் மருந்தைக் கூட்டியும் பலனில்லை. டாக்டர் சிங்களத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்.

“அக்கா, பிள்ளைக்கு பிரெஷர் ரொம்ப இறங்கிருச்சு.”

அவர் முகம் மலர்ந்தது. “அப்பாடா! எங்கம்மாவுக்கு மாத்திரை போட்டும் இறங்கமாட்டேங்குது மிஸ்!” உடனே கணவருக்குப் போன். “பிரெஷர் இறங்கிருச்சாம். அவசரம் இல்ல, நாளைக்கு வாங்க.”

எங்கள் லயங்களில் பிரெஷர் என்றாலே கூடுகிற நோய்தான். அது தெரிந்தும் அப்படிச் சொல்லியிருக்கிறேன்! பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“நான் தப்பாச் சொல்லிட்டேன்க்கா. பிள்ளைக்கு இறங்கவே கூடாது, உயிருக்கு ஆபத்து. கிட்னிக்கு மேல ஒரு சின்னச் சுரப்பி இருக்கு. அதுல சுரக்கிறதுதான் பிரெஷரத் தாங்கிப் பிடிக்கும். பிள்ளைக்கு அது சுரக்கலையோன்னு டாக்டருக்குச் சந்தேகம்.”

அவர் பர்ஸிலிருந்து மாத்திரை அட்டை ஒன்றை எடுத்தார். “மூச்சிழுப்புக்கு மாசக்கணக்கா போடுறேன் மிஸ். குடுத்த டாக்டரு, திடீர்னு நிறுத்தாத, ஒடம்பு தானாச் சுரக்கிறத மறந்திருக்கும்னாங்க. இழுப்பு மாத்திரைதானேன்னு இங்க சொல்லல. பிள்ளைக்கும் அப்படித்தானா?”

அட்டையோடு ஓடினேன். வாங்கிப் பார்த்த டாக்டர், ‘ஸ்டீராய்டு மாத்திரை, வயிற்றிலேயே பிள்ளையின் சுரப்பியையும் மந்தமாக்கியிருக்கும்’ என்றார்; அதற்குமேல் காத்திருக்கவில்லை. இரத்தம் எடுத்ததும் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். சில மணி நேரத்தில் திரையில் எண்கள் மெல்ல ஏறத் தொடங்கின.

“ஏறுதுக்கா!” கத்தியே விட்டேன். சிஸ்டர் முறைத்தார்.

உடனே வரச்சொன்ன இரண்டாவது போனுக்கு ஓடி வந்திருந்த கணவரிடம் அக்கா சொன்னார்: “பிரெஷர் ஏறுச்சுன்னு சிரிக்கிற மொத ஆளு நாந்தாங்க!”

பிள்ளை பிழைத்தாள். யாரிடம் என்ன பேசப்போகிறேன் என்பது அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கான சிறப்புப் பயிற்சிக்கு நேற்று விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டேன். ‘தெரிந்த மொழிகள்’ என்ற இடத்தில் தமிழை முதலில் எழுதினேன்.