கிளம்புகிறவரிடம் கேட்கக்கூடாத கேள்வி

இன்று பழவேற்காட்டில் ஆங்கில வகுப்பு. வளைகுடாவுக்கு மீன்பிடி வேலைக்குப் போகும் மணியிடம், "வேர் ஆர் யூ கோயிங்?" என்று கேட்டேன்.

மணி நோட்டை மூடினார்.

"இன்னா மிஸ், கெளம்புறவனப் பாத்து எங்க போறேனு கேக்குறீங்க? கடலுக்குப் போறப்ப யாராச்சும் அப்டி கேட்டா, வூட்டுக்குத் திரும்பி வந்து தண்ணி குடிச்சிட்டுதான் மறுபடி போவோம்."

"வெள்ளிக்கிழமை ஏர்போர்ட்ல முதல்ல இதைத்தான் கேப்பாங்க, மணி!"

"அதான் மிஸ், பயமா கீது."

அதன்பின் எனக்குப் பாடமே ஓடவில்லை. பொன்னேரி பஸ்ஸில் ஏறியும் இருப்புக் கொள்ளவில்லை.

கண்டக்டர் வந்தார். "எங்கம்மா போவணும்?"

பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் டிக்கெட் கேட்டேன்.

சிரிப்பவர்கள் சிரியுங்கள். மணி வளைகுடா போய்ச் சேரும்வரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்காதீர்கள்.