நண்டுக்குப் போட்ட பண்டில் முடிச்சு

தையல் கூடத்தில் அவளுக்குப் பெயர் கத்திரி. இருபத்திரண்டு வருடம் வெட்டு மேசையில் நின்றவள். நாற்பது மடிப்புத் துணியை ஒன்றின்மேல் ஒன்றாக விரித்து, மேலே கோடு போட்டு, மின்கத்தியை ஓட்டினால் மேல் மடிப்புக்கும் அடி மடிப்புக்கும் நூலளவு வித்தியாசம் இருக்காது. வெட்டிய துண்டுகளை அளவு வாரியாக அடுக்கி, மிஞ்சிய துணி நாடாவால் கட்டிக் கொடுப்பதும் அவள் வேலைதான். அந்தக் கட்டுக்குக் கூடத்தில் பண்டில் என்று பெயர். பண்டில் கட்டுவதற்கென்று ஒரு முடிச்சு உண்டு. பார்க்கக் கெட்டியாகத் தெரியும். தொங்கும் நுனியை ஒரு இழுப்பு இழுத்தால் மொத்தமும் அவிழ்ந்துவிடும். மெஷினில் இருப்பவர்களுக்கு முடிச்சோடு மல்லுக்கட்ட நேரம் ஏது?

மூன்று மாதத்துக்கு முன்பு முதலாளி அவளைச் சூப்பர்வைசர் ஆக்கினார். அன்றைக்குப் பிடித்தது பிரச்சினை.

யாரும் அவளை எதிர்த்துப் பேசவில்லை. அதுதான் பிரச்சினை. முன்பெல்லாம் மத்தியானச் சாப்பாட்டின்போது காஜாக்காரி அவளுடைய டப்பாவில் கைவிட்டு எடுத்துத் தின்றுகொண்டே, "இதை யார்மேல இருந்த கோபத்துல சமைச்ச?" என்று கேட்பாள். காஜாக்காரி என்றால் சட்டையில் பட்டன் துளை போடும் மெஷின்காரி. இருவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இப்போது கத்திரி டப்பாவோடு வந்து உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. "உட்காருங்க மேடம்" என்று தள்ளி உட்கார்ந்து இடம் விடுகிறார்கள். துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் இருக்கும் சின்னவள், தூசி பறந்தாலும் சிரிக்கிறவள், சிரிப்பை அடக்கி அடக்கி விக்கல் எடுக்கிறாள்.

வீட்டில் கணவரிடம் சொல்லிப் பார்த்தாள்.

"மரியாதை குடுத்தா வாங்கிக்க வேண்டியதுதானே. நான் இருபத்தஞ்சு வருஷமா குடுக்குறேன், ஒருநாளாவது வேணாம்னு சொல்லியிருக்கியா?" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை காஜாக்காரியும் சின்னவளும் தானுமாகக் கடற்கரைக்குப் போகலாம் என்று அவளே முன்கை எடுத்ததற்கு இந்த மரியாதைதான் காரணம். அந்த ஒருநாளும் இப்படியே கழிந்தால், திங்கட்கிழமை காலையில் முதலாளி அறைக்குப் போய், எனக்கு என் மேசையே போதும் என்று சொல்லிவிடுவதாக முடிவு செய்திருந்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை.

காஜாக்காரியின் தம்பி வேன் ஓட்டினான். கத்திரிக்கு முன்சீட்டு. பின்னால் காஜாக்காரியும் சின்னவளும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல முழங்காலில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

"ஜன்னலைத் திறக்கட்டுமா?" என்றாள் கத்திரி.

"சரிங்க மேடம்."

"தூசி வந்தா மூடிடலாம்."

"சரிங்க மேடம்."

ஜன்னலைக் கழற்றி வெளியே எறியட்டுமா என்று கேட்டிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும். ஒன்றரை மணி நேரம் இப்படியே போயிற்று.

கடலைப் பார்த்ததும் கொஞ்சம் தளர்ந்தார்கள். படகுகள் அப்போதுதான் கரையேறியிருந்தன. வலையிலிருந்து உதறிய மீன் ஈர மணலில் துள்ளிக்கொண்டிருந்தது. காஜாக்காரி குனிந்து ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். ரத்தச் சிவப்பு. வயிற்றில் விரலை அழுத்தினாள். பதிந்த குழி உடனே நிரம்பியது. முழங்கை நீளத்தில் இரண்டு மீன் எடுத்தார்கள். பிறகு நண்டு. உயிருள்ள பன்னிரண்டு நண்டுகள், ஒவ்வொன்றும் உள்ளங்கையை மீறும் அகலம், நீலக் கொடுக்கு.

நண்டு விற்ற அம்மாள் கொடுக்கைக் கட்டக் கயிறு எடுத்தாள்.

"குடுங்க, நான் கட்டுறேன்" என்றாள் கத்திரி. காலையிலிருந்து யாருக்கும் எந்த உபயோகமும் இல்லாமல் இருந்தது அவளை அரித்துக்கொண்டிருந்தது. அவள் பையில் எப்போதும் துணி நாடா இருக்கும். நண்டின் முதுகை ஒரு கையால் அமுக்கி, இரண்டு கொடுக்கையும் மடக்கி, நாடாவைச் சுற்றி முடிந்தாள். ஒரு நண்டுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. பன்னிரண்டும் முடிந்தபோது எல்லா முடிச்சும் ஒரே இடத்தில் இருந்தன, எல்லா நுனியும் ஒரே நீளத்துக்குத் தொங்கின.

விற்ற அம்மாள் ஒன்றைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள். "நண்டுக்கு இவ்வளவு அழகு தேவையில்லம்மா. இறுக்கமா இருந்தா போதும்."

"இருபத்திரண்டு வருஷப் பழக்கம்" என்றாள் கத்திரி.

காஜாக்காரி முடிச்சைப் பார்த்தாள், கத்திரியைப் பார்த்தாள், பிறகு கடலைப் பார்த்தாள்.

வாங்கிக்கொண்டு போனால் சமைத்துத் தரும் கடை ஒன்று கரையோரமாகவே இரண்டு மைல் தள்ளி இருந்தது. மீனையும் நண்டுக் கூடையையும் பின்னால் வைத்து, மேலே ஈரச் சாக்கு போட்டுக் கிளம்பினார்கள். பாதி வழியில் சின்னவள் மிக மெதுவாகச் சொன்னாள்:

"அக்கா, என் செருப்புக்குள்ள யாரோ இருக்காங்க."

காஜாக்காரி குனிந்து பார்த்துவிட்டு, இரண்டு காலையும் தூக்கி சீட்டின்மேல் வைத்துக்கொண்டாள். "டேய், வண்டிய நிறுத்து."

"நிறுத்தியாச்சுக்கா. நான் இறங்கியும் ஆச்சு" என்று தம்பியின் குரல் வெளியிலிருந்து வந்தது.

கூடை காலியாக இருந்தது. ஒரு நண்டு தன் பக்கத்து நண்டின் நாடா நுனியைக் காலில் மாட்டி இழுத்திருக்க வேண்டும். அது அவிழ்ந்து அடுத்ததை இழுத்திருக்க வேண்டும். கூடத்தில் பத்து மெஷின்காரிகள் சேர்ந்து பண்டில் பிரித்தாலும் இத்தனை வேகம் வராது. கத்திரி ஈரச் சாக்கோடு பின்னால் ஏறி, மண்டியிட்டு, ஒவ்வொன்றாக அமுக்கினாள். ஏழு பிடித்தாள்.

"நுனியை இழுத்தா அவுந்துடும்னு நண்டுக்கே தெரிஞ்சிருக்கு" என்றாள் காஜாக்காரி, சீட்டின் மேலிருந்து.

கத்திரி தலையைத் தூக்கினாள். "உனக்குத் தெரியுமா?"

"கட்டும்போதே பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

"சும்மா இருந்தேன். சூப்பர்வைசர் கட்டுறாங்க. நான் என்ன சொல்ல?"

ஒரு நண்டு சாக்குக்குள் பரபரவென்று கீறிக்கொண்டிருந்தது. கத்திரி அதை விடாமல் பிடித்தபடி கேட்டாள்: "வேற என்னென்ன பார்த்துட்டுச் சும்மா இருந்த?"

காஜாக்காரி கொஞ்சம் யோசித்தாள். "வெள்ளிக்கிழமை நீ கையெழுத்துப் போட்டுக் குடுத்த வேலைச் சீட்டுல சட்டைக்கு ஏழு காஜா. பட்டன் ஆறுதான் வந்திருக்கு."

"எத்தனை சட்டைக்குப் போட்ட?"

"அறுபது இருக்கும்."

"அந்த ஏழாவது ஓட்டை எதுக்குடி?"

"காத்து வரட்டும்."

சின்னவளால் அதற்குமேல் முடியவில்லை. மூன்று மாதச் சிரிப்பும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. கத்திரிக்குச் சிரிப்பு வரவில்லை.

"வாயைத் தைச்சு வச்சிருந்தியா?"

"தைச்சது நீதான்" என்றாள் காஜாக்காரி. குரலில் விளையாட்டு இல்லை. "முதல் வாரமே வந்து சொன்னேன், பாக்கெட் சாஞ்சிருக்குன்னு. எல்லார் முன்னாடியும் 'எனக்குத் தெரியும்'னு சொன்ன. உனக்கே எல்லாம் தெரிஞ்சா நான் எதுக்கு?"

கத்திரிக்கு அந்த நாள் ஞாபகம் வரக் கொஞ்ச நேரம் ஆனது. வந்தபோது காது மடல் சுட்டது.

"முதலாளி பக்கத்துல நின்னாரு. எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு நினைச்சுடுவாரோன்னு பயந்துட்டேன்" என்றாள்.

"அதை என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"உன்கிட்டச் சொல்லத்தான் தினம் டப்பாவைத் தூக்கிட்டு வரேன். நீ தள்ளி உட்கார்ற."

வெளியிலிருந்து தம்பி கூப்பிட்டான்: "பேசி முடிச்சுட்டீங்களாக்கா? இங்க ஒண்ணு டயர் பக்கம் நடந்து வருது. என்னையே பாக்குது."

காஜாக்காரி காலைக் கீழே வைத்தாள். சாக்கின் மறுமுனையைப் பிடித்தாள். மிச்ச ஐந்தையும் மூன்று பெண்களும் சேர்ந்துதான் பிடித்தார்கள். தம்பி வண்டிக்கு மேலே ஏறி நின்று வழி சொன்னான்.

கடைக்காரர் நண்டை உப்பும் மிளகும் பூண்டும் போட்டு வேகவைத்தார், மீனைக் கீறி எலுமிச்சை தடவிக் கரியில் வாட்டினார். வேறு ஒன்றும் சேர்க்கவில்லை. அதற்கு அவசியமும் இல்லை. நண்டு ஓட்டை உடைத்ததும் சதை முழுசாக, வெள்ளையாகக் கையோடு வந்தது. கடல் உப்பும் ஓர் இனிப்பும் சேர்ந்த ருசி. விரலில் வழிந்த சாற்றை யாரும் துடைக்கவில்லை, நக்கிக்கொண்டார்கள். மீன் தோல் மொறுமொறுவென்று உரிந்தது. தம்பி தன்னை முறைத்த நண்டு இன்னது என்று அடையாளம் காட்டி, அதை மட்டும் தானே தின்றான்.

"நாளைக்குக் காலையில முதல் வேலையா காஜா வர்ற முன்பட்டி அறுபதும் புதுசா வெட்டிடுறேன். நீங்க பிரிச்சு மாத்துங்க" என்றாள் கத்திரி. அறுபதையும் வெட்டி, பிரித்து, மாற்றி முடிக்க மத்தியானம் ஆகிவிடும். முதலாளி அறைக்குப் போக நேரம் இருக்காது என்பது அவளுக்கு அதைச் சொன்ன பிறகுதான் உறைத்தது.

"வேற சொல்லுங்க. இன்னைக்கே எல்லாம் சொல்லிடுங்க" என்றாள்.

சொன்னார்கள். வேலையைக் கொண்டுபோய்க் காட்டினால் 'ம்' என்கிறாளே, அது நல்ல 'ம்'மா கெட்ட 'ம்'மா என்று தெரியாமல் சின்னவளுக்கு ராத்திரித் தூக்கமே வருவதில்லையாம். கத்திரி ஒத்துக்கொண்டாள். முதுகுக்குப் பின்னால் நின்று மூச்சு விடுகிறாளாம். இனிமேல் முன்னால் நின்று விடுவதாகச் சொன்னாள்.

"அப்புறம் உன் செருப்பு" என்றாள் காஜாக்காரி, கொடுக்கைக் கடித்துக்கொண்டே. "அது சத்தம் கேட்டாலே எனக்கு ஊசி உடையுது. இந்த மாசம் நாலு."

"உன் மெஷினுக்கு எண்ணெய் போட்டு எத்தனை நாளாச்சு?"

"எண்ணெய்க்கும் செருப்புக்கும் என்னடி சம்பந்தம்?"

"ஊசிக்கும் செருப்புக்கும் என்ன சம்பந்தமோ அதுதான்."

கடைக்காரர் மேசையைத் துடைக்க வந்து, பேச்சைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். வேனில் ஏறும்போதும் விடவில்லை. கத்திரி முன்சீட்டில் உட்கார்ந்தால் சரியாகச் சண்டை போட முடியவில்லை என்று, வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லிப் பின்னால் மாறி உட்கார்ந்தாள். சின்னவள் நடுவில் அகப்பட்டு, இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டே சிரித்தாள். வெயில் சாய்வதற்குள் ஊர் வந்துவிட்டது.

"முதல்ல யாரை இறக்கிவிடணும்?" என்றான் தம்பி.

"பேசாம ஓட்டுடா" என்றார்கள் இருவரும்.