ஃபேமிலிக்கு மட்டும்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அந்தப் பழைய நாவலை வாங்கி வந்தது என் வீட்டுக்காரர். மிக்சி ஜாருக்கு மூடி வாங்கப் போன மனுஷன், மூடி கிடைக்கவில்லை என்று புத்தகத்தோடு வந்து நின்றார். அட்டையில் கொண்டை போட்ட ஒருத்தி கார் கதவைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். "உங்களுக்குப் பொழுது போகும் மேடம்" என்றார்.

ஆமாம், மேடம்தான். நானும் அவரை சார் என்றுதான் கூப்பிடுவேன். திருமுடிவாக்கத்தில் ஒரே கம்பெனியில் நான் அக்கவுண்ட்ஸ், அவர் டூல் ரூம். எனக்கு விவாகரத்து ஆகியிருந்தது. அவருக்கு மனைவி இறந்திருந்தார். இரண்டு பேருக்குமே வீடு கிடைக்கவில்லை. குரோம்பேட்டையிலிருந்து பெருங்களத்தூர் வரை எந்த கேட்டைப் பார்த்தாலும் 'ஃபேமிலிக்கு மட்டும்' என்று ஒரு போர்டு. தனியாள் என்றால் திருட வந்தவளைப் பார்ப்பதுபோல மேலும் கீழும் பார்ப்பார்கள். பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

ஆபீசில் யாரோ சொன்ன ஒரு வீட்டைப் பார்க்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகப் போனேன். அவரும் தனியாக வந்திருந்தார். கேட்டருகே என்னைப் பார்த்துத் திகைத்து நின்றார். அதற்குள் வீட்டு ஓனரம்மா வெளியே வந்துவிட்டார். வயலெல்லாம் மனையாகி, மனையெல்லாம் வாடகை வீடாகிவிட்ட உள்ளூர்க் குடும்பம்.

"இன்னா சார், ஃபேமிலியவும் இட்டுகினு வந்துட்டியா? நல்லதாப் போச்சு. உள்ள வா."

எங்கள் பக்கம் ஃபேமிலி என்றால் பெண்டாட்டி என்றும் அர்த்தம். அவர் மறுக்க வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டு, "தண்ணி எப்பவும் வருமாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அப்புறம் ரெஜிஸ்டர் ஆபீசில் கல்யாணக் கையெழுத்து. ஆளுக்கொரு ரூம். கூடுவாஞ்சேரியில் நான் புக் பண்ணியிருந்த ஃபிளாட் கட்டி முடிகிற வரைக்கும்தான் இந்த ஏற்பாடு, அதற்குப் பிறகு அவரவர் வழி என்று பேச்சு. "இன்னாம்மா நீ, கட்னவரப் போயி சார்னு கூப்டுகினு கீற!" என்று ஓனரம்மா மட்டும் அவ்வப்போது தலையில் அடித்துக்கொள்வார்.

நாவலிலும் அதே கூத்துதான். சொத்து கைக்கு வர வேண்டுமானால் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும் அந்த எஸ்டேட் முதலாளிக்கு. ஒரு வருஷத்துக்கு ஒரு டைப்பிஸ்ட்டைக் கட்டிக்கொள்கிறான். அவனுக்குக் காய்ச்சல் வருகிறது, அவள் நெற்றியில் ஈரத்துணி போடுகிறாள், உடனே காதல். எங்கள் வீட்டிலும் அவருக்குக் காய்ச்சல் வந்ததுதான். கஞ்சியை டேபிள் மேல் வைத்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினேன். சிரித்துக்கொண்டே படித்தேன்.

கடைசி அத்தியாயத்தில்தான் கோபம் வந்தது. வருஷம் முடிந்ததும் அந்தப் பெண் ஒரு வார்த்தை கேட்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மழையில் கிளம்பிவிட்டாள். வாயில் என்னடி கொழுக்கட்டையா, கேட்டால் என்ன என்று புத்தகத்தைத் தூக்கி சோபாவில் போட்டேன். மூடி இல்லாத மிக்சி ஜாரைத் தட்டால் அமுக்கிக்கொண்டிருந்த அவர் எட்டிப் பார்த்தார்.

கோபம் அவள் மேல் மட்டுமில்லை. அடுத்த வாரம் ஃபிளாட் சாவி தருவதாக பில்டர் போன் பண்ணியிருந்தார். அதை நான் அவரிடமும் சொல்லிவிட்டேன். "நல்லது மேடம்" என்றார், அவ்வளவுதான். அவர் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

சரி, மானம் போனால் போகட்டும் என்று சமையலறைக்குப் போனேன். "சார், கூடுவாஞ்சேரிக்கு நீங்களும் வந்துடுங்களேன்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு பர்சிலிருந்து ஒரு சீசன் டிக்கெட்டை எடுத்துக் காட்டினார். கூடுவாஞ்சேரி - பல்லாவரம், அங்கிருந்து ஆபீஸ் போய்வர. போன மாதமே சாவி வந்துவிடும் என்று பில்டர் சொன்னதை நம்பி எடுத்தது. தேதி முடிந்துவிட்டிருந்தது. ஒரு நாள்கூட அதில் அவர் ரயில் ஏறவில்லை.

"சொல்லித் தொலைக்கறதுக்கென்ன சார்? இங்க ஒருத்தி தூக்கமில்லாம கிடக்கறேன்."

"அது உங்க வீடு மேடம். நீங்க கூப்பிடாம நான் எப்படி வர்றது?"