மூன்றடி விறாந்தை

எனக்கு வயது எழுபத்தெட்டு. யாரிடமும் கைநீட்டாமல் நான்கு பிள்ளைகளை வளர்த்தேன். அவர்களின் அப்பா போன பிறகு ஓலைத்தொடுவாய்க் காணியை நான்காகப் பிரித்ததும் நான்தான். வீதியிலிருந்து கடல்வரை நீளவாக்கில் கயிறு பிடித்தேன். குறுக்காகப் பிரித்தால் ஒருவருக்கு வீதி, இன்னொருவருக்குக் கரை என்றாகிவிடும். வள்ளம் இழுத்து வைக்க நாலு பேருக்கும் கரை வேண்டுமே. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் பிரிப்பார்கள். ஒவ்வொரு துண்டும் ஒழுங்கை மாதிரி ஒடுங்கிப்போனது.

மூத்தவன் கடலுக்குப் போகவில்லை. படித்து, கொழும்பில் கந்தோர் உத்தியோகம் பார்த்தான். ஐம்பது கடந்த பிறகு அவனுக்கு ஓர் ஆசை வந்தது. தன் துண்டில், சனி ஞாயிறு வந்து தங்க ஒரு வீடு. தென்னந்தோட்ட முதலாளிமார் வீடு போல ஓட்டுக்கூரை, எல்லாரும் கூடியிருந்து சாப்பிடப் பெரிய குசினி, பக்கத்தில் நீள விறாந்தை, அதில் எனக்கொரு சாய்மனைக் கதிரை. தன் மகளின் கொப்பி ஒற்றைகளில் கீறுவதும் அழிப்பதுமாக இருந்தான். எனக்குப் படம் விளங்காது என்று, ஒரு சனிக்கிழமை மணலில் முளை அடித்து வலைக்கயிறு கட்டி, வீட்டை முழு அளவில் காட்டினான். விறாந்தையின் முளைகள் வேலிக்கு அப்பால்தான் விழுந்தன.

அந்தப் பக்கம் சின்ன மகளின் சீதனத் துண்டு. அவள் வேலியோரம் நின்று சிரித்தாள்.

“அண்ணா, வீடோ கட்டுறீங்கள், வள்ளமோ?”

“வள்ளமெண்டா கடலில இறக்கிப்போட்டு நிம்மதியா இருப்பன், தங்கச்சி.”

அவள் என் பக்கம் திரும்பினாள். “அம்மா, என்ர பக்கத்தில மூண்டடி எடுக்கட்டும். என்ர மனுசனும் ஓமெண்டுதான் சொல்லுறார்.”

“சீதனமாக் குடுத்த காணியில கை வைக்க மாட்டன். சம்பந்தி வீட்டார் என்ன கதைப்பினம்?”

“ஆரும் கதைக்க மாட்டினம்.”

“நான் இருக்கும்வரை இல்லை.”

மூத்தவன் வேலியைத் தாண்டிப் போய், குனிந்து, முளைகளைப் பிடுங்கினான். “சரி அம்மா, விறாந்தை இல்லாமக் கீறுவம்” என்றான். அன்று நான் வென்றதாகவே நினைத்தேன்.

அடுத்த மாதம் நெஞ்சுவலியில் அவன் போய்விட்டான். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வந்ததும், மருமகள் அவன் பையில் கிடந்த ஒற்றையை என்னிடம் தந்தாள். கடைசியாகக் கீறிய படம். சுவர்களெல்லாம் மையில் இருந்தன. வேலிக்கு அப்பால் விறாந்தை மட்டும் பென்சிலில், தொட்டும் தொடாமலும். பக்கத்தில் இருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தேன். ‘அம்மா ஓமெண்டால்.’

பிறகு நானே போய்ச் சின்ன மகளிடம் மூன்றடி கேட்டேன். அவள் வேலியைத் தள்ளிப் போட்டாள். அந்த மூன்றடியும் மணலாகத்தான் கிடக்கிறது.

இதை எழுதி முடிக்க எனக்கு ஒரு கிழமைக்கு மேல் பிடித்தது. மூத்தவனின் மகளிடம் கொடுக்கிறேன். பிள்ளை, பிழையான எழுத்தைத் திருத்திக்கொள். பிறகு எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டு. நான் மாட்டேன் என்று சொன்ன இடம் வரும்போது, அப்பம்மா பாவமென்று விட்டுவிட்டுப் போகாதே.