ஓரமா நின்னு கும்பிடுங்க

சூடான இரும்பு தண்ணீரில் இறங்கும் அந்த 'சுர்ர்'... இன்னும் காதிலேயே இருக்கிறது. இரும்பில் துளை போடுகிற டிரில் பிட்டைச் சாணை பிடித்து, டப்பாத் தண்ணீரில் அண்ணன் முக்குகிற சத்தம். கூடவே கருகிய இரும்பு வாசனை.

மற்றவர்களுக்கு அது வேலை நடக்கிற சத்தம். எனக்குப் போன உயிர் திரும்பி வருகிற சத்தம். அது கேட்டால், இந்த முறையும் அண்ணன் கண் தப்பித்தது என்று அர்த்தம்.

அறுபதுகளின் நடுவில்... செஞ்சி கடைத்தெருவுக்குப் பின்னால் எங்கள் வீடு. கொல்லையில் ஓடு போட்ட ஷெட். அதுதான் அண்ணனின் பட்டறை. வல்லம் பக்கத்து விவசாயிகளுக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற மெஷின் செய்து கொடுப்பார். அதற்குச் சல்லடைத் தகடு வேண்டும். தகடு முழுக்க ஓட்டை. சில வரிசை போடுவதற்குள் பிட் மழுங்கிவிடும். உடனே சாணைக்கல்லுக்கு ஓடுவார்.

அண்ணனுக்கு ஒரு கண்தான். இடது கண்ணை, நான் ஸ்கூல் படிக்கும்போதே ஒரு இரும்புத் துணுக்கு வாங்கிக்கொண்டது. மிச்சமிருந்த ஒன்றை வைத்துக்கொண்டு, பிட்டின் முனை இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்க்க, மூக்கு கல்லில் உரசுகிற அளவுக்குக் குனிவார். கல்லுக்கு மேலிருந்த மூடியையும் கழற்றிப் போட்டிருந்தார். மறைக்கிறதாம்.

நான் அப்போது டெக்னிக்கல் படிப்பு முடித்து, விழுப்புரத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எனக்குப் பொறுமை கிடையாது. எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன்.

"இன்னொண்ணும் போச்சின்னா இன்னா பண்ணுவ?"

"போனா உன் கண்ண வச்சிக்கிறேன், போடா."

சேஃப்டி கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். ஆணியில் மாட்டியதோடு சரி.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு எனக்கு லீவு இல்லை. மறுநாள் விஜயதசமி காலையில்தான் பஸ்ஸில் வந்து இறங்கினேன். ஷெட்டே பளபளவென்று இருந்தது. சுத்தியலுக்குப் பொட்டு, இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸுக்குப் பொட்டு... ஆணியில் தொங்கிய கண்ணாடிக்கும் பொட்டு! சாணைக்கல்லின் பக்கவாட்டில் பெரிய சந்தனப் பொட்டு.

"கல்ல பாத்தீங்களா தம்பி? உங்க அண்ணனையே கழட்டித் தரச் சொல்லி, புளித்தண்ணில ஊற வச்சித் தேய்ச்சேன். குத்துவிளக்கு கணக்கா இருக்குதா?" அண்ணிக்கு அவ்வளவு பெருமை.

சாணைக்கல் குத்துவிளக்கு இல்லை. தண்ணீரை உறிஞ்சும். உறிஞ்சிய தண்ணீர் ஒரு பக்கமாக இறங்கி நின்றால், அந்தப் பக்கம் மட்டும் கனக்கும். அப்படியே வேகமாகச் சுற்றினால் வெடித்துவிடும்.

ஸ்க்ரூ டிரைவரின் மரப்பிடியால் தட்டிப் பார்த்தேன். நல்ல கல் வெண்கலக் கிண்ணம் மாதிரி 'ணங்' என்னும். இது 'டொக்' என்றது. ஈரமா, விரிசலா? எதுவானாலும் நல்லதில்லை.

"ண்ணா, இன்னிக்கி இதப் போடாத. வெயில்ல காயட்டும்."

"விஜயதசமிக்கி மொத வேல சாணைலதான் ஆரம்பிக்கணும். தெரியாதா உனுக்கு?"

"வெடிச்சிடும்ண்ணா!"

"நல்ல நாளும் அதுவுமா... வாயக் கழுவுடா."

அண்ணி கற்பூரம் ஏற்றிவிட்டார். இரண்டு பேரும் கல்லுக்கு நேர் எதிரே போய் நின்றார்கள். சாமியை நேராகத்தானே பார்ப்பார்கள்? கல் வெடித்தால் துண்டு வருவதும் அதே நேர்க்கோட்டில்தான். அண்ணன் அந்த ஒற்றைக் கண்ணை அகலத் திறந்துகொண்டு, சுவிட்சுக்குக் கையை நீட்டினார்.

கத்தியே விட்டேன்.

"ஓரமா நின்னு கும்பிடுங்க! சைடுல நின்னா சாமிக்குக் கண்ணு தெரியாதா?"

அண்ணி சிரித்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"ஏங்க... தம்பிக்கு மூஞ்சே வெளுத்துப்போச்சி. இப்படித்தான் வாங்களேன்." அண்ணனின் தோள் துண்டைப் பிடித்து இழுத்தார்.

"இந்த இஞ்சினீரு தொல்ல தாங்கல." முணுமுணுத்துக்கொண்டே அண்ணன் நகர்ந்தார். ஓரத்தில் நின்றபடியே சுவிட்சைத் தட்டினார்.

முதலில் வழக்கமான உறுமல்தான். சந்தனப் பொட்டு சுற்றிச் சுற்றி மஞ்சள் வளையமானது. பிறகு பெஞ்ச் நடுங்கியது. டப்பாவில் இருந்த பிட்டெல்லாம் கிலுகிலுவென்று ஆடின. "நிறுத்து" என்று நான் சொல்லி முடிக்கவில்லை...

டமார்.

ஒரு துண்டு அவர்கள் முதலில் நின்றிருந்த இடத்தைத் தாண்டிப் போய் மண்சுவரில் புதைந்தது. இன்னொன்று கூரை ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போனது. அந்தப் பொத்தல் வழியாக ராஜகிரி மலை தெரிந்தது, ஒன்றுமே நடக்காத மாதிரி. மோட்டார் மட்டும் கல் இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

அண்ணன் மெதுவாகக் கையைத் தூக்கி, இருந்த கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அப்புறம் அண்ணியிடம், "உனுக்கு ஒண்ணும் ஆவலியே?"

அண்ணி தலையை மட்டும் ஆட்டினார். தட்டில் கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "இப்ப சந்தோசமாடா?" குரல் உடைந்திருந்தது.

கை கால் கழுவலாம் என்று கிணற்றடிக்குப் போனேன். துவைக்கிற கல்லின் மேல் இரண்டு வட்டக் காகிதங்கள் காய்ந்து கிடந்தன. சாணைக்கல்லின் இரண்டு பக்கமும் ஒட்டியிருப்பவை. லேபிள் என்று நினைத்து அண்ணி உரித்திருக்கிறார். அது லேபிள் இல்லை... நட்டை முறுக்கும்போது இரும்பு கல்லைக் கடிக்காமல் காக்கிற மெத்தை. அதுவும் இல்லாமல்தான் கல்லை மாட்டியிருந்தார்கள்.

எதையும் முகத்துக்கு நேரே சொல்கிற நான், அதை மட்டும் அண்ணியிடம் சொல்லவில்லை. மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

புதுக்கல் வந்ததும், ஆணியிலிருந்த கண்ணாடியை எடுத்து, பொட்டைத் துடைத்துவிட்டு, அண்ணன் மாட்டிக்கொண்டார்.

இப்போது பட்டறை அண்ணன் மகனிடம். பிட் சாணை பிடிக்கவே தனி மெஷின், மூடி, கண்ணாடித் தடுப்பு எல்லாம் உண்டு. மழுங்கிய பிட்டைப் பாதி நேரம் தூக்கியே போட்டுவிடுகிறார்கள். அண்ணனும் இல்லை, அண்ணியும் இல்லை. அந்தக் கண்ணால் கடைசி வரை பேப்பர் படித்துவிட்டுத்தான் அண்ணன் போனார்.

போன விஜயதசமிக்குப் போயிருந்தேன். அண்ணன் மகனுக்குப் புதிதாக வந்த மருமகள், மெஷினுக்கு நேரே போய் நின்றாள்.

"அங்க இல்லம்மா. ஓரமா நின்னுதான் கும்பிடணும். நம்ம வீட்டு வழக்கம்" என்றான் அண்ணன் மகன்.

ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனுக்குத் தெரிந்திருக்குமா, அதுவும் தெரியவில்லை.

சுவிட்சைப் போட்டார்கள். பூ மாதிரி ஓடியது. எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள்.

நான் மூடவில்லை. பெஞ்ச் நடுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்...